டீக்கடையில் விசாரித்த ஆராய்ச்சிப் படிப்பு

ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "நாலு வருஷம் ஆராய்ச்சி செய், மாதாமாதம் சம்பளம் தருகிறோம், முடிவில் டாக்டர் பட்டமும் தருகிறோம்" என்று சொன்னால், போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று யோசிக்கிற சீமை எங்களுடையது. கேலிக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்தார்கள். அதைக் கேட்டு வரத்தான் நான் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் செயற்கை உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாக்டீரியாவின் மரபணுவில் நமக்கு வேண்டியதை எழுதிச் சேர்த்து, அதைப் புதிய வேலை செய்ய வைக்கும் துறை அது. வேரை ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியாவை அப்படி மாற்றி, மழை தப்பினாலும் பயிர் வாடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது எங்கள் குழுவின் ஆராய்ச்சி. அதற்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரைத் தேடினோம். அங்கே முனைவர் படிப்பு என்பது உத்தியோகம். கட்டணம் கிடையாது, சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, காய்ச்சல் வந்தால் கேட்க ஆள் உண்டு. பல தேசங்களிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. எல்லோரையும் தாண்டித் தேறியவள் எங்கள் வட்டாரத்து நாகலாபுரத்துப் பூரணி. நான் கோவில்பட்டிக்காரி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன், அவ்வளவுதான்.

நேர்காணலில் பேராசிரியர், வறண்ட மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பாக்டீரியாவை எப்படி உருவாக்குவாய் என்று கேட்டார். பூரணி கொஞ்சம் யோசித்து, "எங்கள் கரிசல் மண் தண்ணீரை ஏற்கெனவே நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது ஐயா. வேருக்கு விடாது, அதுதான் சிக்கல். விட வைக்கிற பாக்டீரியா வேண்டும்" என்றாள். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, திட்டத்தின் தலைப்பையே மாற்றலாமா என்று எங்களைப் பார்த்தார். அன்றைக்கே அவளுக்கு இடம் உறுதியானது.

அதன்பிறகு அவளிடமிருந்து பதிலே இல்லை. ஒப்பந்தத்தை அனுப்பினோம், கையெழுத்து வரவில்லை. நினைவூட்டினோம், மௌனம். "வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் பேராசிரியர், ரொட்டியைக் கடித்துக்கொண்டே. இரண்டு குளிர்ந்த ரொட்டித் துண்டுக்கு நடுவே ஒரு பாலாடைக்கட்டி. அதற்குப் பேர் மத்தியானச் சாப்பாடு. அந்த ரொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற எரிச்சல் அன்றைக்கு இரண்டு மடங்காக வந்தது. அந்த வாரம் மண் ஆய்வு வேலையாக நானும், உடன் வேலை பார்க்கும் யோஸ்டும் கோவில்பட்டி பக்கம் போவதாக ஏற்கெனவே இருந்தது. அப்படியே அவளையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கோவில்பட்டியில் இறங்கினோம். யோஸ்ட் ஆறடிக்கு மேல் உயரம். ஆட்டோவில் மடங்கித்தான் உட்கார முடிந்தது. சாயங்காலம் அவனைப் புரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனேன். சால்னாவை ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, "இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்" என்றான். கேட்டேன். "ஒண்ணும் போடல மேடம். வெள்ளக்காரர் வந்திருக்காவன்னு காரத்தக் கொறச்சுல்லா வச்சிருக்கேன்" என்றார் சால்னா ஊற்றியவர். யோஸ்ட் மேலும் இரண்டு புரோட்டா வாங்கிச் சாப்பிட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

புதன்கிழமை விளாத்திகுளம் வரை பேருந்து. அங்கே சித்தி வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு நாகலாபுரம் புறப்பட்டோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தார் ரோடு வரை ஒரு குறையுமில்லை. பூரணியின் வீடு ஊரைத் தாண்டிப் புஞ்சைக் காட்டுக்குள் இருந்தது. வண்டிப் பாதையில் திரும்பியதும் கரிசல் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, வண்டியை அசையவிடாமல் நிறுத்திவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்தோம். பத்தடி போவதற்குள் திரும்பவும் அப்பியது. கடைசியில் வண்டியை ஒரு வேலிமரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். யோஸ்ட் மட்டும் சந்தோஷமாக இருந்தான். மண் நிபுணன் அல்லவா, காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "அருமையான களிமண்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். என் கால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ ஒட்டியிருந்தது.

பூரணியின் அப்பா பெருமாள்சாமி வாசலிலேயே நின்றிருந்தார். மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, பன்னீர் சோடா வாங்கிவரச் சொல்லி, மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பூரணி கதவோரம் நின்றாள். நான் சுற்றி வளைக்காமல், ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன்.

"படிக்கதுக்கு எவன் தாயி சம்பளம் குடுப்பான்?" என்றார் அவர். "இவள பி.டெக். படிக்க வச்சேன், காசு கட்டுனேன். எம்.டெக். படிக்க வச்சேன், அதுக்கும் கட்டுனேன். எல்.கே.ஜி.க்கே கட்டுனேன். இம்புட்டுக்கும் பெறவு ஒருத்தன் வந்து, நீ வந்து படி, நான் துட்டு தாரேன்னா, அவன் என்ன நெனப்புல கூப்பிடுதான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்குப் போய், போனில் ஆட்களை ஏமாற்றும் கொட்டடியில் அடைபட்டு, அடி வாங்கி, எப்படியோ திரும்பி வந்திருக்கிறான். அவனுக்கும் முதலில் இப்படித்தான் ஒரு கடிதம் வந்ததாம். இதில் பெருமாள்சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் மேல்தான் வந்தது. ஒருத்தியின் நாலு வருஷத்தைக் கேட்கிற கடிதத்தை, 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதிய முகவரியிலிருந்து அனுப்பினால் யார்தான் நம்புவார்கள்?

ஆனால் அடுத்து அவர் சொன்னதற்கு எனக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீஸ் கேக்கல பாத்தீயளா, இதுலயே தெரியலையா இது பிராடுன்னு? நெசமான யுனிவர்சிட்டின்னா பீஸ் கேக்கும்" என்றாராம். நம் நாட்டில் கல்வியை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோரையும் ஒரு வரிசையில் நிறுத்தி அந்த வண்டிப் பாதையில் செருப்பில்லாமல் நடக்கவிட வேண்டும் என்று தோன்றியது. காசு பிடுங்காததே மோசடிக்கு அடையாளம் என்று ஒரு தகப்பன் நம்புகிறார் என்றால், அவரிடம் அதுவரை எத்தனை பேர் பிடுங்கியிருக்க வேண்டும்.

"அந்தாளு சொன்னத மட்டும் வச்சு நான் முடிவு பண்ணல தாயி" என்றார் பெருமாள்சாமி. "மொறையா விசாரிச்சேன். என் மச்சினன் மகன் சரக்குக் கப்பல்ல வேலை பாக்கான். அவன் கப்பல் போன மாசம் உங்க நாட்டுத் தொறமுகத்துலதான் நின்னுச்சு. போன் போட்டு, எறங்கி விசாரிலேன்னு சொன்னேன். கிரேன் ஓட்டுதவர்ட்ட கேட்டிருக்கான், கேன்டீன்ல கேட்டிருக்கான். உங்க புரொபசர ஒருத்தருக்கும் தெரியல. பெரிய மனுசன்னா ஊருக்குத் தெரியாதா?"

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, மதுரையில் இருக்கிற ஒரு வாத்தியாரைத் தெரியுமா என்று கேட்ட மாதிரி. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால், மாப்பிள்ளையின் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேர் போவார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, பையன் எப்படி, குடிப்பானா, குடும்பம் எப்படி என்று வாயைக் கிளறுவார்கள். அந்த முறையை அப்படியே கப்பலேற்றியிருக்கிறார். யோஸ்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "நாங்கள் இரண்டு பரிந்துரைக் கடிதம் மட்டும்தான் கேட்போம். இவர்கள் முறை இன்னும் முழுமையாக இருக்கிறது" என்றான் அவன். அவன் முகத்தில் கேலியே இல்லாததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சம்பளம் எங்கிருந்து வருகிறது, பேராசிரியர் யார், பூரணி எங்கே தங்குவாள், எல்லாம் சொன்னேன். என் வேலை அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்ல தாயி. மனசு ஒப்பல. விட்டுருங்க" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒப்பாத மனசு எதற்கு ஒப்பவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கிளம்பும்போது பூரணி செருப்பு எடுத்துத் தருகிற சாக்கில் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இன்டர்வியூல ஒரு கோவில்பட்டி அக்கா இருந்தாவன்னு நான்தான் வீட்டுல சொன்னேன். மாமா உங்க தெருவுக்குப் போயி, டீக்கடையில உங்களப் பத்தி விசாரிச்சுட்டு வந்தாவ. அதுக்குப் பெறவுதான் அப்பா வேண்டாம்னுட்டாவ."

ஆக, காரணம் கம்போடியாவும் இல்லை, கப்பலும் இல்லை. நான்தான்.

திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து, காற்றாலை எவ்வளவு இருக்கிறது, மயில் எப்படிச் சோளக்காட்டில் மேய்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கொலை செய்யவில்லை, கொள்ளை அடிக்கவில்லை. எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து நான் ஒருவரிடமும் சண்டைகூடப் போட்டதில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தேன். எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர் செல்லையா அண்ணாச்சி. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து என்னைப் பார்க்கிறவர். நாகலாபுரத்து ஆளிடம் என்ன சொன்னீர்கள் என்று நேரே கேட்டேன். அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"உள்ளதச் சொன்னேன். பிள்ளைக்கு முப்பத்தேழு வயசாச்சு, கல்யாணம் ஆகல. வருசத்துக்கு ஒருக்க வரும், போகும். அங்கன தனியாத்தான் வீடு எடுத்து இருக்கு. சைக்கிள்லயே எங்கயும் போவும், வரும், கேக்க ஆளு கெடையாது. இன்னும் படிச்சு முடிக்கல. இதுல எது பொய்?"

"படிப்ப முடிச்சு எத்தனையோ வருசமாச்சு அண்ணாச்சி. இப்ப அங்க வேலை பாக்கேன்."

"ஆராய்ச்சின்னுதான சொன்னீய. ஆராய்ச்சின்னா படிப்புத்தான?"

"அம்மாவுக்கு இந்த வீட்டக் கட்டிக் குடுத்தது யாருன்னு சொன்னீயளா? நான் என்ன வேலை பாக்கேன், அதுல எப்படின்னு கேட்டாவளா அவிய?"

"அத எதுக்குக் கேக்காவ?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். நான் என்னவெல்லாம் பேசினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதுவும் அடுத்த விசாரணையில் சேர்ந்திருக்கும். நினைக்க நினைக்க ஆறவில்லை. செயற்கை உயிரியலில் ஒரு இடம். உலகத்தின் எத்தனையோ மூலையிலிருந்து ஆட்கள் போட்டி போட்டு, நாகலாபுரத்துப் பெண் ஒருத்தி தன் மூளையால் ஜெயித்த இடம். அதைத் தட்டிப் பறிக்க எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற ஒரு சேதி போதுமாக இருந்திருக்கிறது. அந்த அண்ணாச்சி பொய் சொல்லியிருந்தாலாவது நான் மறுத்திருப்பேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "விசாரிச்சாவ, சரி. வீடு பாக்க வந்தாவளா?" என்று கேட்டாள்.

"எந்த வீட்ட?"

"விசாரிச்சதோட நின்னா அது என்ன மொறை? வந்து வீடு பாத்து, நேர்ல பேசிப் பாத்துட்டுல்லா வேணும், வேண்டாம்னு சொல்லணும். வரச் சொல்லு அவியள."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மறுநாளே வெள்ளிக்கிழமை, பேராசிரியர் சொன்ன கெடு. வேறு வழி இல்லாமல் பெருமாள்சாமிக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவர்களுடைய முறைப்படி ஐந்து நிமிஷம் பேசினாள். மழையைக் கேட்டாள், மிளகாயைக் கேட்டாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். போனை என்னிடம் தரும்போது, "நாளைக்கு வாராவ" என்றாள். நான் இத்தனை படித்துச் செய்ய முடியாததை, சம்பந்தி பேசுகிற தோரணையில் செய்து முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பெருமாள்சாமி, அவர் மனைவி, விசாரணைக்கு வந்துபோன தாய்மாமன், பெரியப்பா, பெரியம்மா, இன்னும் யார் யாரோ இறங்கினார்கள். கடைசியாகப் பூரணி. கையில் வாழைப்பழச் சீப்பும் சேவுப் பொட்டலமும். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்திருந்தாள். "இந்த வீட்டுக்கு ஒரு கூட்டம் கேசரி திங்க வரணும்னு எத்தன வருசமா வேண்டுனேன். வந்துட்டு, எதுக்கு வந்திருக்குன்னு பாரு" என்று அடுப்படியில் என் காதில் போட்டாள்.

என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மொத்தக் கூட்டமும் யோஸ்டைச் சுற்றி உட்கார்ந்தது. பிறந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். நான் வெறும் மொழிபெயர்ப்பாளர். அம்மா இருக்கிறார்களா என்று பெருமாள்சாமி கேட்டதும், யோஸ்ட் யோசிக்காமல் செல்போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டுவிட்டான். அங்கே அதிகாலை. அவன் அம்மா ரப்பர் பூட்சுடன் வயலில் நின்றிருந்தார். வெங்காயம் பயிரிடுகிற குடும்பம். மகன் போன் செய்கிறானே என்று பதறி, விஷயம் தெரிந்ததும் சிரித்து, பின்னால் சேற்றில் மாட்டி நிற்கும் டிராக்டரைக் காட்டினார். மழையில் களிமண் பிடித்துக்கொண்டதாம். பூட்சைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் வரை மண் அப்பியிருந்தது.

பெருமாள்சாமி போனை யோஸ்டின் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அங்கனயும் இதே பாடுதானா?" என்றார். "வெங்காயத்துக்கு வெல யாரு வைக்காவன்னு கேளுங்க தாயி."

கேட்டேன். "வாங்குகிறவன்தான் வைக்கிறான். வேறு யார்?" என்றார் யோஸ்டின் அம்மா, சலிப்பாக.

மொழிபெயர்த்தேன். பெரியப்பா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். பெருமாள்சாமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யோஸ்டின் தோளைத் தட்டினார். "நல்ல சம்சாரிக் குடும்பம். இது போதும்" என்றார்.

போதுமாம். பல்கலைக்கழகத்தின் முத்திரை போதவில்லை. ஒப்பந்தம் போதவில்லை. அதே மண்ணில் பிறந்து, அதே தண்ணீரைக் குடித்து, அந்த நாட்டில் போய் ஆராய்ச்சி செய்து, வேலையும் வாங்கி, வண்டிப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்த நான் போதவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரம்மாவின் பூட்சில் இருந்த சேறு போதுமாக இருந்தது. யோஸ்ட் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனுக்கு அந்த வாரத்தில் இன்னொரு கேசரி கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"அனுப்புதேன் தாயி" என்று பெருமாள்சாமி இப்போது என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், மரியாதைக்காக. "ஒரே ஒரு விசயம். தப்பா நெனைக்கக் கூடாது. பிள்ளைக்கு எதுவும் தேவைன்னா இந்தத் தம்பி வீட்டுல பாத்துக்கிடுவாவ. நீங்க உங்க வேலையப் பாருங்க. அவ உங்ககூட ரொம்பச் சேர வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல, நாளைக்கு நாலு பேரு விசாரிச்சு வந்தா பதில் சொல்லணும்ல."

என் வீட்டில், என் அம்மா செய்த பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அம்மா அடுப்படி வாசலிலிருந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வரப்போகிற கையெழுத்தும் என் வாயால் போய்விடக் கூடாது. "சரிங்க" என்றேன்.

கீழே ஒரே இரைச்சல். கையெழுத்துப் போட நானும் பூரணியும் மொட்டை மாடிக்குப் போனோம். அவள் என் போனை வாங்கி, ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டாள். பிறகு விரலால் கையெழுத்திட்டு, தானே அனுப்பினாள். அடுத்த நிமிஷமே பேராசிரியரிடமிருந்து, 'வருக' என்று பதில் வந்தது. கீழே எல்லோரும் இரண்டாம் முறை கேசரி கேட்கும் சத்தம் கேட்டது.

"மாமா அன்னிக்கி உங்க தெருவுல விசாரிச்சுட்டு வந்து சொன்னாவல்லா அக்கா" என்றாள் பூரணி. "அந்தப் பிள்ள தனியா வீடு எடுத்து இருக்கு, தானா போவும் வரும், கேக்க ஆளு கெடையாதுன்னு. அப்பா அதக் கொறையாக் கேட்டாவ. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அன்னிக்கித்தான் எப்படியும் போயிரணும்னு நெனச்சேன்."

அவள் போனைத் துப்பட்டாவில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அங்கன வந்தா சொல்லித் தருவீயளா?"

"உங்க அப்பா என்கூடச் சேரக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றேன். கோபம் இன்னும் தீரவில்லை.

"அப்பா நாகலாபுரத்துலதான அக்கா இருப்பாவ" என்றாள்.